‘ஓட்டிஸ் ப்ளூ’ மறுபதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டிஸ் ரெடிங்கின் ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பத்தை யாருக்காவது கேட்கக் கொடுத்தால் அடுத்த வாரமே கேள்வியோடு திரும்பி வருவார்கள். எந்தப் பதிப்பு வாங்குவது, மோனோ என்றால் என்ன, இது வேறு யாரோ பாடிய பாட்டாச்சே என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். 1965-ல் வந்த மூல ஆல்பத்தையும், 2008-ல் ரைனோ நிறுவனம் இரண்டு சிடிக்களாக வெளியிட்ட ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ மறுபதிப்பையும் மனதில் வைத்துத்தான் பதில்கள்.

ஓட்டிஸ் ரெடிங் யாருங்க? பேரே இப்பதான் கேள்விப்படறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற ஊரில் 1941-ல் பிறந்து, மேக்கன் நகரில் வளர்ந்தவர். சிறுவயதில் தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். 1962-ல் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞருக்கு மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு இருந்தது. அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் ஓட்டிஸ். அந்தப் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் ‘நானும் பாடிக் காட்டட்டுமா’ என்று கேட்டு வாய்ப்பு வாங்கினார். அன்று அவர் பாடிய ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ அவருடைய முதல் வெற்றிப் பாட்டானது.

1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரியில் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 26. அப்படிப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது மொத்தம் ஐந்து வருடம்தான். ‘ஓட்டிஸ் ப்ளூ’ அந்த ஐந்து வருடத்தின் நடுவில் வருகிறது. அவருடைய மூன்றாவது ஆல்பம், 1965 செப்டம்பரில் வெளியானது.

சோல் இசைன்னு சொல்றீங்க. அது என்ன வகை? ப்ளூஸ் மாதிரியா?

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் உள்ள உருக்கத்தையும், கூவி அழைக்கிற முறையையும் எடுத்து, காதலுக்கும் பிரிவுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் வைத்துப் பாடினார்கள். ப்ளூஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும் அதோடு சேர்ந்தன. 1950-களின் கடைசியில் உருவாகி, அறுபதுகளில் உச்சத்துக்குப் போனது. பாட்டைக் கேட்டால் பிரசங்கம் நடக்கும் இடத்தில் நிற்பது போலவே இருக்கும். பாடகர் ஒரு வரியை மூன்று முறை திருப்பிச் சொல்வார். மூன்று முறையும் வேறு வேறு பாரத்தோடு.

அந்தக் காலத்தில் இந்த இசைக்கு இரண்டு பெரிய இசை நிறுவனங்கள் இருந்தன. டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒன்று. அங்கே எல்லாம் இழைத்து மெருகேற்றியிருக்கும். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இன்னொன்று. அங்கே ஓரங்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அறையின் காற்று கேட்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் இரவில் கேட்க எடுப்பது ஸ்டாக்ஸ்தான்.

மொத்த ஆல்பத்தையும் ஒரே நாள்ல முடிச்சிட்டாங்கன்னு படிச்சேன். கதை விடறாங்களா?

பெரும்பாலும் உண்மை. 1965 ஜூலை 9, 10 தேதிகளில், சுமார் 24 மணி நேரத்துக்குள் ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவாகிவிட்டது. நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஸ்டுடியோவின் கலைஞர்கள் உள்ளூர் கிளப்புகளில் வாசிப்பவர்கள். இரவு அங்கே போய் வாசித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து மீதிப் பாட்டுகளை வாசித்தார்கள்.

இது எப்படி முடிந்தது என்றால், அவர்கள் தினமும் சேர்ந்து வாசிக்கிற ஆட்கள். கிட்டாரில் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிட்டாரில் டொனால்ட் ‘டக்’ டன், டிரம்ஸில் அல் ஜாக்ஸன், கீபோர்டில் புக்கர் டி. ஜோன்ஸும் ஐசக் ஹேஸும். ட்ரம்பெட்டில் வேய்ன் ஜாக்ஸன், சாக்ஸபோனில் ஆண்ட்ரூ லவ் என ஊதுகருவிக்காரர்கள் தனி. ஓட்டிஸுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் அவரவர் வாசிக்க வேண்டியதை வாயால் பாடிக் காட்டுவார். அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடவே சிக்கல் இருந்த, அமெரிக்காவின் தெற்குப் பகுதி நகரமொன்றில், இந்தக் குழுவில் இருவரும் கலந்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சினிமா தியேட்டர்லயா ரெக்கார்டிங் நடந்துச்சு?

ஆமாம். மெம்ஃபிஸின் ஈஸ்ட் மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேப்பிட்டல் தியேட்டரை 1960-ல் வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினார்கள் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும். இருவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் ‘ஸ்டாக்ஸ்’. நாற்காலிகளைக் கழற்றினார்கள். ஆனால் திரையை நோக்கிச் சரிந்து இறங்கும் தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். சரிந்த தரையும் உயரம் மாறுகிற கூரையும் இருந்ததால் அந்த அறையில் எழுந்த ஒலிக்குத் தனிக் குணம் வந்தது. அல் ஜாக்ஸனின் டிரம் அடியைக் கவனித்துக் கேளுங்கள், அடிக்குப் பின்னால் அந்தக் கூடம் இருப்பது தெரியும்.

முன்பக்கம், தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஒரு ரெக்கார்டு கடை நடத்தினார். அந்தக் கடை கீழே இன்னொரு பதிலில் வரும். பழைய கட்டிடம் 1989-ல் இடிக்கப்பட்டது. 2003 முதல் அதே இடத்தில் ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

சரி, ரீமாஸ்டர்னா சரியா என்னதான் பண்றாங்க? ரீமிக்ஸும் அதுவும் ஒண்ணா?

இரண்டும் வேறு. ரீமிக்ஸ் என்றால், தனித்தனித் தடங்களில் பதிவான குரல், டிரம், கிட்டார் ஆகியவற்றை மறுபடி எடுத்து, எது எவ்வளவு சத்தம், எது எந்தப் பக்கம் என்று புதிதாகக் கலப்பது. சமையலில் சாமான்களை மறுபடி எடுத்துக் குழம்பு வைப்பது மாதிரி. ரீமாஸ்டர் என்றால் குழம்பு ஏற்கெனவே ஆகிவிட்டது. அதைச் சிந்தாமல், சூடு குறையாமல் பரிமாறுவது.

செய்முறை இதுதான். மூல மாஸ்டர் டேப்பை, அதாவது வெளியீட்டுக்கென்று முடித்து வைத்த முதல் டேப்பை, தேடி எடுப்பார்கள். காய்ந்துபோன ஒட்டுகளைச் சரிசெய்வார்கள். டேப் இயந்திரத்தில் டேப்பைப் படிக்கும் ஹெட் அந்தக் காலத்து இயந்திரத்தின் கோணத்தோடு ஒத்துப்போகும்படி முடுக்குவார்கள். இந்தக் கோணம் ஒரு மயிரிழை தப்பினாலும் மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். பிறகு டிஜிட்டலுக்கு மாற்றி, மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைஸரை அளவாக வைத்து, பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஒத்துவரும்படி செய்வார்கள். இதில் பாதிக்கு மேல் முதல் வேலையிலேயே முடிந்துவிடுகிறது. சரியான டேப் கிடைத்துச் சரியாக ஓட்டினால் மீதிக்கு அதிகம் கைவைக்க வேண்டியதில்லை. நகலின் நகலிலிருந்து தொடங்கினால் எவ்வளவு மெனக்கெட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் இருக்கும்.

அப்போ ‘ஓட்டிஸ் ப்ளூ’வை ரீமிக்ஸ் பண்ண முடியாதா?

பழைய முறையில் முடியாது. காரணம் பதிவு செய்த விதம். ஸ்டாக்ஸில் அதுவரை இருந்தது மோனோ இயந்திரம். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், ஒரே தடத்தில் பதிவாகும். ஸ்டாக்ஸ் பதிவுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர் டாம் டௌட் நியூயார்க்கிலிருந்து வந்து, ஒலியை இடது, வலது என்று பிரித்துப் பதியும் இரண்டு தட ஸ்டீரியோ இயந்திரத்தையும் அங்கே பொருத்தினார். இந்த மனிதர் இளவயதில் அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வில் வேலை பார்த்தவர். 1950-களின் கடைசியிலேயே அட்லாண்டிக்குக்கு எட்டுத் தட இயந்திரம் வாங்க வைத்தவரும் இவர்தான். மெம்ஃபிஸில் ஜிம் ஸ்டூவர்ட் மோனோவை விட மனமில்லாமல் இருந்ததால், மோனோவும் ஸ்டீரியோவும் இரண்டுமே கிடைக்கும்படி டௌட் ஏற்பாடு செய்தார்.

ஆக, குரல் எவ்வளவு, ட்ரம்பெட் எவ்வளவு என்ற முடிவெல்லாம் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. குரலை மட்டும் பிறகு தூக்கிவிட வழியில்லை. ‘கலவை’ என்று தனியாக ஒரு வேலை நடக்கவே இல்லை என்று சொல்லலாம்.

இப்பதான் ஏஐ வந்துடுச்சே, குரலைத் தனியாப் பிரிச்சு எடுத்துடலாமே?

தொழில்நுட்பம் இருக்கிறது. 2022-ல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தை அப்படிப் பிரித்துப் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். ஆனால் இந்த ஆல்பத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஓட்டிஸ் நிற்கும் மைக்கில் டிரம் ஒலி கசியும், டிரம்முக்கு வைத்த மைக்கில் ஊதுகருவிகள் கசியும். அந்தக் கசிவு எல்லாம் சேர்ந்துதான் நான்காவது பதிலில் சொன்ன கூடம். கசிவைத் துடைத்தால் அந்த அறையும் அதோடு போய்விடும்.

மோனோவா, ஸ்டீரியோவா? எதை முதல்ல கேக்கணும்?

மோனோ. யோசிக்கவே வேண்டாம். 1965-ல் வாங்கியவர்களில் பெரும்பாலோர் மோனோ கருவியில்தான் கேட்டார்கள். ரேடியோவும் அதேதான். ஸ்டாக்ஸ்காரர்கள் காதில் வைத்துக்கொண்டு வேலை செய்ததும் அந்த ஒலிதான். மோனோவில் எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்து, நெருக்கியடித்து, உங்களை நோக்கி வருவார்கள். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை மோனோவில் போட்டால் தரை அதிரும்.

ஸ்டீரியோவைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. வாத்தியங்கள் விலகி நிற்பதால் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். க்ராப்பர் எத்தனை குறைவாக வாசிக்கிறார், அந்தக் குறைவான சுரங்களை எத்தனை சரியான இடத்தில் வைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது ஸ்டீரியோவில்தான். முதலில் மோனோவில் நாலைந்து முறை கேட்டுப் பழகிவிட்டு அப்புறம் ஸ்டீரியோவுக்கு வாருங்கள்.

ரெண்டுலயும் இருக்கிறது ஒரே பாட்டுதானே? பின்ன எதுக்கு ரெண்டு சிடி?

இங்கேதான் சுவாரஸ்யம். ‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டிஸும் பாடகர் ஜெர்ரி பட்லரும் சேர்ந்து எழுதியது. 1965 ஏப்ரலிலேயே மோனோவில் பதிவாகி, சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டாக வந்து, அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் வெற்றிப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போய்விட்டது. ஜூலையில் ஸ்டீரியோ ஆல்பத்துக்காக அதே பாட்டை மறுபடி முழுவதுமாகப் பாடினார். மோனோ ஆல்பத்தில் இருப்பது ஏப்ரல் பாட்டு. ஸ்டீரியோ ஆல்பத்தில் இருப்பது ஜூலைப் பாட்டு. இரண்டும் வேறு வேறு பொழுதில் வேறு மாதிரிப் பாடியவை.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஏப்ரலில் ஒரு மனிதர் விட்டுவிடாதே என்று கேட்கிறார். ஜூலையில் அதே மனிதர், மூன்று மாதமாக மேடை மேடையாக இதைப் பாடிப் பாடி, எங்கே நிறுத்தினால் கேட்பவர் மூச்சும் நிற்கும் என்று தெரிந்து பாடுகிறார். எனக்கு ஏப்ரல்தான் நெருக்கம். என் நண்பர் ஒருவர் ஜூலைதான் என்று சண்டைக்கே வருவார். 2008 பதிப்பை நான் எல்லாருக்கும் பரிந்துரைக்க முதல் காரணமே இந்த இரண்டும் ஒரே பெட்டியில் கிடைப்பதுதான்.

அந்த 2008 பதிப்பில் வேற என்ன கூடுதலா இருக்கு?

முழு ஆல்பம் மோனோவில் ஒரு முறை, ஸ்டீரியோவில் ஒரு முறை. அதோடு சிங்கிள்களின் மறுபக்கப் பாட்டுகள், 1966-ல் லாஸ் ஏஞ்சலஸின் விஸ்கி அ கோ கோ கிளப்பில் நடந்த கச்சேரிப் பதிவுகள், 1967-ல் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் ஐரோப்பா போனபோது பதிவானவை, பிறகு 1967-ல் இன்னும் வேகமாகப் பாடிய ஒரு ‘ரெஸ்பெக்ட்’.

கச்சேரிப் பதிவுகளை ஆல்பத்தோடு ஒரே மூச்சில் கேட்காதீர்கள். மூல ஆல்பம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான், பதினொரு பாட்டு. அது ஒரு முழுச் சாப்பாடு. பதினொன்றாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு பாட்டுல மூணுதான் அவர் எழுதினதாமே. மத்தவங்க பாட்டைப் பாடிட்டு கிளாசிக்னு சொல்லலாமா?

எண்ணிக்கை சரி. ‘ஓல் மேன் ட்ரபிள்’, ‘ரெஸ்பெக்ட்’, மேலே சொன்ன ‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’, இவை மூன்றும்தான் அவர் பேனா. மீதி எட்டில் மூன்று, சோல் பாடகர் சாம் குக் பாடிப் புகழ்பெற்றவை. சாம் குக் 1964 டிசம்பர் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஓட்டிஸுக்கு அவர் ஆதர்சம். ஆல்பத்தில் உள்ள ‘ஷேக்’, ‘சேஞ்ச் கானா கம்’ இரண்டும் சாம் இறந்த சில நாளில் வெளிவந்த ஒரே சிங்கிளின் இரண்டு பக்கங்கள். அது நடந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் ஓட்டிஸ் அந்த இரண்டையும் பாடுகிறார். அஞ்சலி என்று அட்டையில் எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

சாம் குக்கின் மூலப் பாட்டில் பெரிய வயலின் கூட்டம் இருக்கும், குரல் மிதக்கும். 1963-ல் லூசியானாவில் ஒரு விடுதியில் கறுப்பர் என்பதால் இடம் மறுக்கப்பட்ட அனுபவம் அந்தப் பாட்டுக்குப் பின்னால் உண்டு. ஓட்டிஸ் அதைப் பாடும்போது வயலின்கள் கிடையாது. ஊதுகருவிகள் நாலு சுரத்தை இறுக்கிப் பிடிக்கின்றன, அவர் சொற்களைப் பிய்த்துப் பிய்த்து எடுக்கிறார். சாம் குக் விடியும் என்று நம்பிக்கையோடு பாடினார். ஓட்டிஸ் பாடுவதைக் கேட்டால் இரவு முழுக்க விழித்திருந்தவர் பாடுவது போல இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகும் வேலை நடந்த அந்த நாளை நினைத்துக்கொண்டு கேட்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

‘மை கேர்ள்’ டெம்ப்டேஷன்ஸ் குழு பாடி அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் முதலிடம் பிடித்த மோட்டவுன் பாட்டு. இதைத் தொடலாமா என்று எவரும் யோசிப்பார்கள். பிரிட்டனில் ஓட்டிஸ் பாடியதுதான் 11-ஆம் இடம் வரை போனது.

‘ரெஸ்பெக்ட்’ அரீதா ஃப்ராங்க்ளின் பாட்டு இல்லையா அண்ணா?

எழுதி முதலில் பாடியவர் ஓட்டிஸ். 1965-ல் சிங்கிளாக வந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 4-ஆம் இடம் பிடித்தது. உழைத்துச் சம்பாதித்துக் கொண்டுவந்து கொடுக்கிற ஆண், வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை கொடு என்று கேட்கும் பாட்டு. சோல் பாடகி அரீதா 1967 பிப்ரவரியில் அதை எடுத்து, மரியாதை கேட்பவரைப் பெண்ணாக்கி, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதியைச் சேர்த்தார். பாட்டின் அர்த்தமே திரும்பிவிட்டது. அமெரிக்காவில் முதலிடம் போனது. அரீதா பதிவின் ஒலிப்பொறியாளரும் டாம் டௌட்தான்.

1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மாண்டரே இசை விழா மேடையில் இதைப் பாடுவதற்கு முன், ஒரு பெண் இந்தப் பாட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று ஓட்டிஸே சொன்னார். அதில் கசப்பு இல்லை. அரீதாவுடையதுதான் பெரிய பாட்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளத்துக்காகக் கேட்பதென்றால் ஓட்டிஸுடையதை எடுப்பேன். அல் ஜாக்ஸன் அதில் தரையை மிதித்து நடப்பது போல அடிக்கிறார், ஓர் இடத்திலும் அவசரம் கிடையாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுல வார்த்தையெல்லாம் மாத்திப் பாடியிருக்காரே, தெரியாமப் பாடிட்டாரா?

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ 1965 ஜூனில்தான் அமெரிக்காவில் வெளியானது. அடுத்த மாதமே இந்த ஒலிப்பதிவு. யோசனை ஸ்டீவ் க்ராப்பருடையது. முன்பக்கத்து ரெக்கார்டு கடை என்று சொன்னேன் அல்லவா, அங்கே போய் ஒரு தட்டை எடுத்து வந்து, போட்டுக் காட்டி, வரிகளை எழுதிக் கொடுத்தார். ஓட்டிஸுக்கு அந்தப் பாட்டு முன்பின் பழக்கமில்லை. பாடத் தொடங்கியதும் தாள் ஒருபக்கம், அவர் ஒருபக்கம்.

இன்னொரு விஷயம். ஸ்டோன்ஸ் பாட்டின் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் துணுக்கை, ஊதுகருவிகள் வாசிக்க வேண்டியது என்று நினைத்துத்தான் அவர்களுடைய கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் முதலில் கிட்டாரில் வாசித்து வைத்தார். மெம்ஃபிஸில் அதையே ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கின்றன.

அட்டையில இருக்கிற பொண்ணு யாரு? பாடினவர் படம் ஏன் இல்ல?

விளம்பர மாடல். கறுப்பினப் பாடகரின் ஆல்பத்தில் வெள்ளைக்காரப் பெண் முகத்தைப் போடுவது அன்றைய வியாபாரத்தில் சகஜம். வெள்ளையர் வீட்டுக்குள்ளும் தட்டு போக வேண்டும் என்ற கணக்கு. மறுபதிப்பிலும் அதே அட்டையை வைத்திருக்கிறார்கள். வரலாறு என்ற வகையில் அது சரிதான். ஆனாலும் அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்டாக்ஸ் ஆல்பம்னு சொல்றீங்க, மறுபதிப்புல ரைனோன்னு இருக்கே? போலியா?

போலி கிடையாது. ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஸ்டாக்ஸின் துணை முத்திரையான வோல்ட்டில் வந்தது. விநியோகம் அட்லாண்டிக். 1965-ல் இரு நிறுவனமும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் மாஸ்டர் உரிமை அட்லாண்டிக்குக்கே என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. ஜிம் ஸ்டூவர்ட் அதைக் கவனித்துப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். அட்லாண்டிக் வார்னர் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 1968-ல் ஸ்டாக்ஸ் பிரியும் நேரத்தில்தான் அது வெளியே வந்தது. ஓட்டிஸின் எல்லாப் பதிவுகளும் அட்லாண்டிக்கிடமே தங்கிவிட்டன. அந்தப் பக்கத்துப் பழைய பதிவுகளை மறுபதிப்பு செய்யும் வேலை பிற்பாடு ரைனோவுக்கு வந்தது.

வெளிவராத பாட்டு, வேற டேக் எல்லாம் இன்னும் எங்கயாவது இருக்குமா?

ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் டேப் கிடங்கு எரிந்துபோனது. ஒலிப்பதிவு நேரத்து டேப்புகள், வெளிவராத பாட்டுகள், அதே பாட்டை வேறு முறை பாடிப் பதிந்த மாற்று டேக்குகள் என்று ஆயிரக்கணக்கில் போயின. வெளிவந்த ஆல்பங்களின் மாஸ்டர்களில் பெரும்பாலானவை வேறிடத்தில் இருந்ததால் தப்பின. நாம் இன்று நல்ல ரீமாஸ்டர் கேட்கிறோம் என்றால் அதனால்தான்.

சத்தம் அதிகமா, பளிச்சுன்னு இருக்கிறதுதானே நல்ல ரீமாஸ்டர்?

நம் காது அப்படித்தான் ஏமாறும். இரண்டு பதிப்பில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று முதல் பத்து நொடியில் தோன்றிவிடும். தொண்ணூறுகளிலிருந்து பல நிறுவனங்கள் மெல்லிய இடத்தையும் தூக்கி, உரத்த இடத்தோடு சமமாக்கித் தட்டையாக்கினார்கள். ஓட்டிஸ் மாதிரி ஆளுக்கு அது அநியாயம். அவர் கிசுகிசுப்பில் தொடங்கி, மூன்று நிமிடத்தில் கத்தலுக்குப் போகிறவர். ஏறுகிற தூரத்தைப் பிடுங்கிவிட்டால் பாட்டில் மிச்சம் என்ன?

ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டின் சத்தத்தையும் வால்யூம் குமிழால் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். நல்ல பதிப்பில் வால்யூமைக் கூட்டக் கூட்ட அறை பெரிதாகும். மோசமானதில் தலைவலி வரும். பின்னணியில் மெல்லிய ‘ஸ்ஸ்’ இருந்தால் பயப்படாதீர்கள். டேப்பின் இயல்பு அது. அதை முழுக்கத் துடைத்தவர்கள் கூடவே ஓட்டிஸ் மூச்சு இழுக்கும் ஒலியையும் துடைத்திருப்பார்கள்.

180 கிராம் வினைல்னு விலை ரெண்டு மடங்கு சொல்றாங்க. வாங்கலாமா?

கனத்துக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பள்ளத்தின் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான். எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள், யார் வெட்டினார்கள், எவ்வளவு கவனமாக அச்சிட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு கடையில் ‘ஆடியோஃபைல்’ (ஒலித்தரப் பிரியர்களுக்கானது) என்று ஒட்டியிருந்ததை நம்பி வாங்கிவந்து, வீட்டில் போட்டுப் பார்த்தால் என்னிடமிருந்த சிடியே தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து எடையைப் பார்ப்பதில்லை.

கடைக்காரர் போட்டுக் காட்டச் சம்மதித்தால் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் குறையும், ஒலி கரகரக்கும் வாய்ப்பு கூடும். இந்த ஆல்பத்தில் சரியாக அங்கேதான் ‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’ வருகிறது, அதன் முடிவில்தான் ஊதுகருவிகள் உச்சத்துக்கு ஏறுகின்றன. அங்கே கரகரக்காத தட்டு நல்ல தட்டு.

ஸ்ட்ரீமிங்ல கேக்கறேன். எது மோனோ, எது ஸ்டீரியோன்னு எப்படித் தெரியும்?

சில இடங்களில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் இயர்ஃபோனில் ஒரு காதை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டு காதிலும் அச்சு அசலாக ஒன்றே கேட்டால் மோனோ. ஒரு காதில் ஏதாவது வாத்தியம் தேய்ந்தால் ஸ்டீரியோ.

‘டாக் ஆஃப் த பே’ இதில் இல்லையே?

இல்லை. அது 1967 கடைசியில் பதிவாகி, அவர் இறந்த பிறகு 1968 ஜனவரியில் வெளிவந்த பாட்டு.

சில இடத்துல குரல் உடையுது, பிசிறு தட்டுது. ரீமாஸ்டர் பண்ணும்போது சரி பண்ணியிருக்கலாமே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், அதனால் கடைசியில் வைத்தேன். ஆல்பத்தின் இறுதிப் பாட்டு ‘யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்’. பாடகர் வில்லியம் பெல் 1961-ல் அதே ஸ்டாக்ஸில் பதிவு செய்தது. கிணறு வற்றும்வரை தண்ணீரின் அருமை தெரியாது என்பது சாரம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். வில்லியம் பெல் அமைதியாக வருந்துவார். ஓட்டிஸ் முதல் பாதியில் அதே அமைதியில் இருந்துவிட்டு, பிறகு ஒரு சொல்லைப் பிடித்து இழுக்கும்போது குரல் தொண்டையிலேயே கிழிகிறது. பின்னால் பியானோ நிதானம் மாறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இரவெல்லாம் கிளப்பில் வாசித்துவிட்டு வந்த கலைஞர்கள், மறுநாளுக்குள் முடித்தாக வேண்டிய ஆல்பம், 23 வயதுப் பாடகர். அந்தப் பிசிறில் இது எல்லாம் இருக்கிறது. 2008 மறுபதிப்பைச் செய்தவர்கள் அதில் கைவைக்கவில்லை. அவர்களுக்கு என் நன்றி. இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, மோனோ சிடியைப் போட்டு, பெட்டியிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து அந்த இடத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்புறமும் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றினால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து மறுபடி கேட்போம்.